கோயில் ‘கட்டளை’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சை, திருவாரூர் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பழைய பத்திரங்களைப் படித்துச் சொல்வது என் வேலை. பரணில் கிடந்த தகரப் பெட்டியைத் திறந்து, மடிப்பில் கிழிந்த காகிதங்களை எடுத்துக்கொண்டு வருவார்கள். அவர்களில் பாதிப் பேர் ஒரே சொல்லில்தான் வந்து நிற்கிறார்கள். “இதில் வரிக்கு வரி கட்டளை என்று இருக்கிறதே, யார் யாருக்குப் போட்ட கட்டளை இது?” என்று கேட்பார்கள். பல வருடமாக வாயால் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கட்டளை என்றால் உத்தரவுதானே? கோயிலில் அதற்கு வேறு பொருள் உண்டா?

உண்டு. கோயிலிலோ மடத்திலோ இன்ன பூசை, இன்ன தர்மம், இன்ன நாளில், இந்த அளவில் நடக்க வேண்டும் என்று ஒருவர் வரையறுத்து, அதற்கான செலவுக்கு நிலமோ பணமோ எழுதி வைத்தால் அந்த ஏற்பாட்டுக்குக் கட்டளை என்று பெயர். நித்தியப்படி அர்த்தசாமப் பால் நைவேத்தியம், மார்கழி முப்பது நாளும் பொங்கல், வைகாசி விசாகத்தன்று நூறு பேருக்குச் சாப்பாடு என்று எதுவாகவும் இருக்கலாம். எழுதி வைத்த சொத்தையும் கட்டளை என்பார்கள், நடக்கும் பூசையையும் கட்டளை என்பார்கள். “இன்றைக்கு யார் கட்டளை?” என்று அர்ச்சகர் கேட்டால் பூசையைக் கேட்கிறார். “அது கட்டளை நிலம்” என்று கணக்குப்பிள்ளை சொன்னால் சொத்தைச் சொல்கிறார்.

அந்தச் சொல்லுக்கு இந்தப் பொருள் எப்படிப் பொருந்துகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கட்டளை என்ற சொல்லுக்குள் ஓர் ‘அளவு’ ஒளிந்திருக்கிறது. ‘பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்’ என்கிறது குறள். அங்கே கட்டளைக் கல் என்பது பொன்னின் மாற்றை உரைத்துப் பார்க்கும் உரைகல். செங்கல் அறுக்கும் அச்சுக்கும் கட்டளை என்று பெயர் உண்டு. கட்டளைக் கலித்துறையில் ஒற்றுகளை நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறு எழுத்து, நிரையசையில் தொடங்கினால் பதினேழு. ஓர் எழுத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அபிராமி அந்தாதி முழுவதும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

உரைகல், அச்சு, எண்ணிக் கட்டிய அடி என்று எதை எடுத்தாலும் முன்கூட்டியே குறித்த ஓர் அளவுக்கு ஒரு பொருள் கட்டுப்பட்டு நிற்பதைப் பார்க்கலாம். கோயில் கட்டளையும் அப்படித்தான். கொடுத்தவர் அளவைக் குறித்துவிட்டார். வாங்கிக்கொண்டவர் அதை மாற்ற முடியாது. இந்தச் சொல்லைப் பற்றி இவ்வளவையாவது மனத்தில் வைத்துக்கொண்டால், சட்டத்தில் இதற்கு நேர்ந்ததெல்லாம் தானாகப் புரியும்.

இன்று ‘டிரஸ்ட்’ என்பதற்கு அறக்கட்டளை என்கிறோமே, அதிலும் இந்தக் கட்டளைதான் இருக்கிறது. அலுவலகப் பலகையில் அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் அதன் கோயில் வாசனையை நினைத்துக்கொள்வேன்.

சோழர் கல்வெட்டுகளில் கட்டளை வருகிறதா?

ஏற்பாடு அங்கே நன்றாகத் தெரிகிறது. பெயர்கள்தான் வேறு. செலவுக்கு ஏற்படுத்திய வரையறை நிவந்தம். விளக்குக்கு விட்ட நிலம் திருவிளக்குப்புறம், பூந்தோட்டத்துக்கு விட்டது திருநந்தவனப்புறம், மடத்துக்கு விட்டது மடப்புறம், அர்ச்சனை செய்பவருக்கு அர்ச்சனாபோகம், உணவுச் சாலைக்குச் சாலாபோகம். ஒவ்வொரு காரியத்துக்கும் நிலத்தைத் தனித்தனியாகப் பெயரிட்டுப் பிரித்திருக்கிறார்கள்.

நந்தா விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு என்பது கணக்கு. பசுவாக இருந்தால் 48, எருமையாக இருந்தால் 16. அந்த ஆடுகளை இடையர்களிடம் ஒப்படைத்து, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கச் சொன்னார்கள். எந்த அளவையால் அளப்பது என்பதையும் விடவில்லை. ஆடவல்லான் என்று இறைவன் பெயரிட்ட அளவை அதற்கென்றே இருந்தது. ஆடு செத்துப்போகாதா, கிழடாகாதா என்று கேட்பீர்கள். அதற்கும் கல்வெட்டுகளிலேயே பதில் உண்டு: ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, மூப்படையாத ஆடு. ஒன்று செத்தால் குட்டியை அந்த இடத்தில் வைத்துத் தொகையைக் குறையாமல் காப்பது வாங்கிக்கொண்டவன் பொறுப்பு. ‘முதல் குறையக் கூடாது, வட்டியிலிருந்துதான் செலவு’ என்று இன்று வங்கி வைப்புக்குச் சொல்வதை மூன்றே சொல்லில் சொல்லிவிட்டார்கள். இதைவிடச் சுருக்கமாக எந்த வக்கீலும் எழுதி நான் பார்த்ததில்லை.

பல கல்வெட்டுகளின் கடைசியில், இத்தன்மத்தைக் காத்தவன் ஸ்ரீபாதம் என் தலைமேல் என்ற பொருளில் ஒரு வரி வரும். அழித்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று இன்னொரு வரி வரும். தனக்குப் பின்னால் வரப்போகும், முகம் தெரியாத ஒருவனின் காலைத் தன் தலையில் தாங்குகிறேன் என்று கொடுத்தவனே சொல்கிறான். எத்தனை முறை படித்தாலும் அந்த வரியில் கொஞ்சம் நின்றுதான் போவேன்.

உபயம், மண்டகப்படி, காணிக்கை, கட்டளை எல்லாம் ஒன்றுதானா?

பேச்சில் கலந்துதான் வருகிறது. ஆனால் வேறுபாடு உண்டு.

உண்டியலில் போடுவது காணிக்கை. போட்டதோடு உங்கள் சொல் முடிந்தது, கோயில் அதைப் பொதுச் செலவுக்கு எடுத்துக்கொள்ளும். உபயம் என்பது ஒரு காரியத்துக்கு ஒருவர் ஏற்கும் செலவு. இந்த வருடத் தேருக்கு வடம் வாங்கிக் கொடுத்தால் அது உபயம், அடுத்த வருடம் நீங்கள் கொடுக்காமல் போனாலும் சட்டம் உங்களைக் கேட்காது. மண்டகப்படி திருவிழாவைச் சேர்ந்தது. சுவாமி புறப்பாட்டில் ஒரு மண்டபத்தில் எழுந்தருளும்போது அங்கே நடக்கும் உபசாரங்களை ஒரு குடும்பமோ சமூகமோ ஏற்றுச் செய்வது. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் இதைக் கண்ணாரப் பார்க்கலாம்.

கட்டளையின் அடையாளம் நிரந்தரம். அதற்கென்று ஒரு சொத்தோ முதலோ ஒதுக்கப்பட்டிருக்கும். கொடுத்தவர் போன பிறகும் அது நடக்க வேண்டும். உபயம் பரம்பரையாகத் தொடர்ந்து, பின்னால் யாரோ ஒரு தாத்தா அதற்கென்று இரண்டு மா நிலத்தை (மா என்பது பழைய நில அளவு) எழுதி வைத்தால், அன்றிலிருந்து அது கட்டளை.

திருவாரூர்க் கோயிலில் மட்டும் ஏன் இவ்வளவு கட்டளைகள்?

சொத்து பெரிது, செலவும் பெரிது. தியாகராஜர் கோயிலில் உள்துறைக் கட்டளை, ராஜன் கட்டளை, அபிஷேகக் கட்டளை, அன்னதானக் கட்டளை என்று பெரிய பிரிவுகளும் வேறு சில சிறிய கட்டளைகளும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி நிலம், தனிக் கணக்கு, தனிப் பொறுப்பாளர். ஆதீனங்கள் எனப்படும் பெரிய சைவ மடங்கள் பரம்பரையாகக் கட்டளைகளை நிர்வகித்து வந்த கோயில் அது.

19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் இந்தக் கோயிலின் கட்டளை பற்றிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அப்போது நீதிபதிகளே ‘கட்டளை’ என்ற தமிழ்ச் சொல்லை எடுத்துக்கொண்டு விளக்கம் எழுதினார்கள். சாதாரண வழக்கில் கட்டளை என்றால் கோயிலில் ஒரு குறிப்பிட்ட சேவைக்கோ தர்மத்துக்கோ விட்ட தனிக் கொடை. ஆனால் சில பெரிய கோயில்களில், கோயிலின் மொத்த வருமானமே பல பிரிவுகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவும் ஒரு தனிப் பொறுப்பாளரிடம் விடப்பட்டு, இன்ன செலவு இந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று வரையறுக்கப்பட்டிருக்கும். அந்தப் பிரிவுக்கும் கட்டளை என்றுதான் பெயர். இந்த இரண்டு பொருளையும் பிரித்துக் காட்டியது அந்தத் தீர்ப்பு. நூறாண்டுக்கு மேலாகியும் கட்டளை வழக்குகளில் அதை எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஆதீனத்தின் சார்பாகக் கட்டளையை நேரில் கவனிக்க அனுப்பப்படும் துறவிக்குக் கட்டளைத் தம்பிரான் என்று பெயர். மயிலாடுதுறை மாயூரநாதர் கோயிலில் உள்ள குமரக்கட்டளை இந்த வழக்கத்தின் பெயரைச் சுமந்து நிற்கிறது.

இன்றைய சட்டத்தில் கட்டளைக்கு இடம் இருக்கிறதா?

இருக்கிறது. 1817-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு ஏழாம் ரெகுலேஷன் மூலம் அறச் சொத்துகளின் மேற்பார்வையை வருவாய் வாரியத்திடம் கொடுத்தது. 1863-இல் ஒரு சட்டம் போட்டு விலகிக்கொண்டது. அப்புறம் 1920-களில் அறநிலைய வாரியம், 1951-இல் ஒரு சட்டம், இப்போது நடப்பில் இருப்பது 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு இந்து சமய மற்றும் அறநிலையக் கொடைகள் சட்டம்.

இந்தச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, கோயிலிலோ மடத்திலோ ஒரு குறிப்பிட்ட சேவையையோ தர்மத்தையோ நடத்துவதற்காகவும், சமயம் சார்ந்த பிற தர்மங்களுக்காகவும் விடப்பட்ட சொத்தையும் பணத்தையும் தனி வகையாக வரையறுக்கிறது. நம் ஊர்க் கட்டளை பெரும்பாலும் இந்த வகையில்தான் வந்து உட்காரும். ஒரு சொத்து இந்த வகையைச் சேர்ந்ததா இல்லையா என்று தகராறு வந்தால், முதலில் போக வேண்டிய இடம் சிவில் நீதிமன்றம் என்று பலர் நினைக்கிறார்கள். 63-ஆம் பிரிவின்படி அதை முதலில் விசாரிக்கிறவர் அறநிலையத் துறையின் இணை ஆணையர் அல்லது துணை ஆணையர். அங்கிருந்து ஆணையரிடம் மேல்முறையீடு, அதற்குப் பிறகுதான் நீதிமன்றம். நேராக முன்சீப் கோர்ட்டுக்குப் போய் வருடங்களைத் தொலைத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

கட்டளை நிலம் யாருக்குச் சொந்தம்? குடும்பத்துக்கா, கோயிலுக்கா?

சண்டையெல்லாம் பிறக்கும் இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒருவர் ஒரு பத்திரம் கொண்டுவந்தார். வெகுதானிய வருஷம் தை மாதம், அதாவது 1939 ஜனவரி. கறுப்பு மை பழுப்பாகி, ஓரத்தில் செல்லரித்திருந்தது. ஆறு மா நன்செய். தை அமாவாசை தோறும் சுவாமிக்கு அபிஷேகம், கால் பலம் சந்தனம், இரண்டு படி அரிசி தளிகை, பத்துப் பேருக்கு இலைச் சாப்பாடு, மேளக்காரருக்கு எட்டணா. இவ்வளவையும் எழுதிவிட்டு அடுத்த வரியில், ‘மேற்படி தர்மத்தை நடத்தி மிகுந்ததை நீயும் உன் புத்திர பௌத்திராதிகளும் ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும்’ என்று இருந்தது.

விஷயம் முழுவதும் அந்த ‘மிகுந்ததை’ என்ற சொல்லில் இருக்கிறது. கட்டளைகள் இரண்டு விதம். ஒன்றில் நிலமே சுவாமிக்கு முழுதாகப் போய்விடும். ‘இந்த நிலத்தில் எனக்கும் என் வாரிசுகளுக்கும் இனி யாதொரு பாத்தியதையும் இல்லை’ என்று எழுதியிருப்பார்கள். குடும்பத்துக்கு அதில் நிர்வாகப் பொறுப்பு மட்டும் இருக்கலாம், உடைமை கிடையாது. இன்னொன்றில் நிலம் குடும்பத்திடமே இருக்கும், அதன்மேல் தர்மம் ஒரு சுமையாக ஏறி உட்கார்ந்திருக்கும். வருமானத்தில் முதல் பங்கு சுவாமிக்கு, மிச்சம் குடும்பத்துக்கு. மேலே சொன்ன பத்திரம் பார்வைக்கு இரண்டாவது வகை.

இரண்டில் எது என்பதை ஒரே சொல்லை வைத்து முடிவு செய்யக் கூடாது. பத்திரம் முழுவதையும் படிக்க வேண்டும். வருமானத்தில் எவ்வளவு தர்மத்துக்குப் போகிறது, எவ்வளவு மிஞ்சுகிறது, நிலவரி யார் பெயரில் கட்டப்பட்டது, எழுதியவர் தம் வாழ்நாளில் அந்த நிலத்தை எப்படி நடத்தினார் என்பதையும் நீதிமன்றங்கள் பார்க்கும். ‘கட்டளைச் சொத்து’ என்று தலைப்பு இருப்பதால் எல்லாம் கோயிலுக்கு என்று பயப்படுகிறவர்களும் உண்டு. ‘அனுபவித்துக்கொள்ளவும்’ என்று இருப்பதால் எல்லாம் நமக்கே என்று தைரியமாக இருப்பவர்களும் உண்டு. இரண்டு பேருமே பாதிப் பத்திரத்தைத்தான் படித்திருக்கிறார்கள்.

அப்படியானால் விற்கலாமா?

முழுதாகக் கோயிலுக்கு விட்ட நிலம் என்றால் 34-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். விற்பனை, அடமானம், பரிவர்த்தனை, ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை எதுவானாலும், அது கோயிலுக்கு அவசியமானது அல்லது நன்மையானது என்று கண்டு ஆணையர் அனுமதித்தால்தான் செல்லும். அனுமதி இல்லாத கிரயப் பத்திரம் வெறும் காகிதம்.

சுமை மட்டும் உள்ள நிலத்தைக் குடும்பம் விற்கலாம். ஆனால் சுமை இருப்பது தெரிந்து வாங்குபவர் அதையும் சேர்த்தே வாங்குகிறார். தர்மம் நின்றுபோனால், அதை வேறு வழியில் நடத்த ஆகும் செலவை நிலத்தை வைத்திருப்பவரிடம் கேட்கக் கோயில் அறங்காவலருக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆகவே விற்கும்போது கட்டளையை மறைக்காதீர்கள். வாங்குபவருக்கும் நல்லதல்ல, உங்கள் பெயருக்கும் நல்லதல்ல.

கட்டளைதாரர் யார்? கோயில் அறங்காவலரும் அவரும் ஒருவரா?

ஒருவராக இருக்க வேண்டியதில்லை. கட்டளையின் பொறுப்பாளர் அந்த ஒரு தர்மத்துக்கு மட்டும் பொறுப்பு. கோயிலின் மற்ற நிர்வாகத்தில் அவருக்குச் சொல் கிடையாது. அதுபோலக் கோயில் அறங்காவலரும் கட்டளைப் பணத்தை எடுத்துக் கோபுரத்துக்கு வெள்ளையடிக்க முடியாது. பழைய தீர்ப்புகளில் கட்டளைக்காரர், ஸ்தானிகர் என்ற பெயர்களும் வரும். பத்திரத்தில் வாரிசு முறை சொல்லியிருந்தால் பரம்பரையாகப் போகும்.

பெண்கள் கட்டளைதாரர் ஆகலாமா?

ஆகலாம். ‘ஆண் வாரிசு இல்லை, கட்டளை போய்விட்டது’ என்று சொல்லி ஒரு பாட்டியை அழவைத்திருந்தார்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். கோயில் நிர்வாகப் பொறுப்பில் கடமை மட்டுமின்றிச் சொத்துரிமையின் தன்மையும் கலந்திருக்கிறது, ஆகவே அது விதவைக்கும் போகும் என்று வங்காளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 1951-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பத்திரத்தில் வெளிப்படையாக வேறு ஏற்பாடு எழுதியிருந்தால்தான் வேறு யோசனை வேண்டும்.

கட்டளை எங்களுடையது என்றால் பரிவட்டம், முதல் மரியாதை கேட்கலாமா?

கட்டளை இருப்பதாலேயே மரியாதை உரிமை வந்துவிடாது. அந்தக் கோயிலில் அப்படி ஒரு வழக்கம் இருந்ததா என்பதுதான் கேள்வி. வழக்கம் இருந்ததென்று நிரூபித்தால் அதையும் 63-ஆம் பிரிவின் கீழ் கோரலாம். பிரசாதமும் ஒரு முழம் பூவும் கட்டளைதாரர் வீட்டுக்கு அனுப்புவது பல ஊர்களில் இன்றும் நடக்கிறது.

தாத்தா எழுதிய பணம் இன்று விளக்கெண்ணெய்க்குக்கூடப் போதவில்லை. என்ன செய்வது?

பணமாக விட்ட கட்டளைகள் எல்லாவற்றுக்கும் வந்த நோய் இது. 1950-இல் நூறு ரூபாய் வைப்பு என்றால் அதன் வட்டியில் ஒரு நாள் பூசை கௌரவமாக நடந்திருக்கும். இன்று அந்த வட்டியில் ஒரு தேங்காய் வாங்க முடியாது. நிலமாக விட்டவர்கள் இந்த விஷயத்தில் தப்பித்தார்கள், அவர்களுக்குக் குத்தகை பாக்கி என்ற வேறு நோய்.

முதலை உயர்த்திக் கொடுப்பதுதான் நேரான வழி. வாரிசுகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, பழைய பெயரிலேயே வைப்பைக் கூட்டலாம். புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. நோக்கமே நடத்த முடியாததாகிவிட்டால், அந்தச் சொத்தை அதற்கு நெருங்கிய வேறொரு நோக்கத்துக்குத் திருப்பவும் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அதற்கு அதிகாரியின் உத்தரவு வேண்டும். கோயில் அலுவலகமோ குடும்பமோ தாங்களாகவே கூடிப் பேசி, ‘பாலுக்குப் பதில் பல்புக்கு’ என்று மாற்றிக்கொள்ள முடியாது. முன்பே சொன்னதுதான்: அளவைக் குறித்தவர் கொடுத்தவர்.

மற்ற சமயங்களில் இது போன்ற ஏற்பாடு உண்டா?

நெருங்கிய உறவு என்றால் இஸ்லாத்தின் வக்ஃபு. சொத்தை இறைவனுக்கென்று நிரந்தரமாக நிறுத்தி, அதன் பயனை மட்டும் குறித்த நற்காரியத்துக்குச் செலவிடுவது. நிர்வகிப்பவர் முத்தவல்லி. கிறிஸ்தவர்கள் பேச்சில் கட்டளை என்றால் மோசே பெற்ற பத்துக் கட்டளைகள், அது உத்தரவு என்ற பொருள். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் திருவிழாச் செலவை ஏற்கிறவரை உபயகாரர் என்பார்கள். இந்தப் பக்கத்தில் சொல்லும் சட்டம் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியது.

இன்று புதிதாகக் கட்டளை ஏற்படுத்தலாமா?

தாராளமாக. பெரிய கோயில்களில் ஒரு தொகையை நிரந்தர வைப்பாகக் கட்டினால், அதன் வட்டியில் வருடத்துக்கு ஒரு நாள் உங்கள் பெயரில் பூசையோ அன்னதானமோ நடத்துவார்கள். 2002-இல் அரசு கோயில்களில் அன்னதானத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு இந்த வழக்கம் நன்றாகப் பரவியது. பிறந்த நாளுக்கும் பெற்றோர் திதிக்கும் இப்படி எழுதி வைப்பவர்கள் நிறைய.

நிலமாகக் கொடுப்பதென்றால் பதிவுப் பத்திரம் கட்டாயம். நான் எழுதிக் கொடுக்கும்போது சில விஷயங்களில் பிடிவாதமாக இருப்பேன். சேவையை நாளும் அளவும் சொல்லி எழுத வேண்டும். ‘தங்கள் விருப்பப்படி ஏதேனும் நற்காரியம்’ என்று எழுதினால் அது காணிக்கை, கட்டளையாகாது. மிச்ச வருமானம் யாருக்கு என்பதை ஒரு வரியில் தெளிவாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் பேரன் என்னைப் போன்ற ஒருவரிடம் வந்து உட்காருவான். பொறுப்பாளர் யார், அவருக்குப் பின் யார் என்பதும் வேண்டும். விலைவாசி ஏறினால் சேவையை எந்த வரிசையில் குறைத்துக்கொள்வது என்றும் எழுதச் சொல்வேன். முதலில் மேளத்தை நிறுத்து, கடைசிவரை விளக்கை நிறுத்தாதே என்று ஓர் அம்மாள் எழுதச் சொன்னார்கள். அப்படியே எழுதினேன்.

எங்கள் குடும்பத்துக்குக் கட்டளை இருந்ததாகக் கேள்வி. எங்கே தேடுவது?

வீட்டில் பத்திரம் இல்லையென்றால், சர்வே எண்ணை வைத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பதிவுக் காலத்துக்கும் முந்தைய இனாம் நிலமாக (வரி தள்ளியோ குறைத்தோ விட்ட நிலமாக) இருந்தால், 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் காலத்து இனாம் ஃபேர் ரிஜிஸ்டரில் யாருக்கு, எதற்காக விட்டது என்று ஒரு வரி இருக்கும். கோயிலில் 29-ஆம் பிரிவின்படி பராமரிக்கும் சொத்துப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அலுவலகத்தில் இருப்பவர்களிடம் பொறுமையாகப் பேசினால் பெரும்பாலும் எடுத்துக் காட்டுவார்கள்.

கோயில் கணக்குகள் பசலியில் ஓடும். ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும் வருடம் அது. தொடங்கும் ஆங்கில வருடத்திலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி வரும். 1939 தை மாதத்துப் பத்திரத்தைப் பசலி 1348-இல் தேட வேண்டும். 1349-இல் தேடி, இல்லையென்று திரும்பி வந்தவர்கள் உண்டு.

மேலே சொன்ன ஆறு மா நிலத்துக்காரர் 1349-ஐப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். 1348-இல் இருந்தது: அவர் கொள்ளுத்தாத்தாவின் பெயர், சர்வே எண், ‘தை அமாவாசைக் கட்டளை’ என்று பென்சிலில் ஒரு குறிப்பு. அந்தத் தர்மம் எப்போது நின்றது என்று குடும்பத்தில் யாருக்கும் நினைவில்லை. இந்தத் தை அமாவாசைக்கு நடத்திவிட முடிவு செய்தார். முந்தின நாள் சாயங்காலம் மளிகைக் கடையிலிருந்து கைபேசியில் கூப்பிட்டு, “கால் பலம் சந்தனம் என்றால் எத்தனை கிராம்?” என்று கேட்டார். ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம். “ஒன்பது கிராம் வாங்கிக்கொள்ளுங்கள்” என்றேன்.